சட்டம் அப்போதே இருந்தது: 1911 ட்ரையாங்கிள் தீயை வகுப்பில் நடத்துவது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் எதை எடுத்தாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அநேகமாக இப்படி ஒரு பத்தி இருக்கும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் என்ற தையல் ஆலை தீப்பற்றியது, கதவு பூட்டியிருந்தது, 146 பேர் இறந்தார்கள், அதன் பிறகு தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுப் போகும் பிள்ளையின் மனத்தில் நிற்பது வேறு: முன்பு சட்டமே இல்லை, ஒரு கோரம் நடந்தது, எல்லாரும் வருந்தினார்கள், சட்டம் வந்தது. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது என்ற சட்டம் தீப்பிடித்த அன்றே நியூயார்க் மாநிலத்தில் நடைமுறையில் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள்தான் பார்க்கவில்லை. இந்த ஒன்றை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கும்படி பாடத்தை அமைத்துவிட்டால், 1900 முதல் 1920 வரையான சீர்திருத்தக் காலம் முழுவதையும் அவர்கள் வேறு கண்ணோடு படிப்பார்கள்.

அதற்கு ஐந்து வகுப்புகள் வேண்டும், ஒவ்வொன்றும் 45 நிமிடம். 28 பேர் கொண்ட வகுப்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்; நான்கு நான்கு பேராக ஏழு குழுக்கள்.

முதல் வகுப்பைத் தீயில் தொடங்கக்கூடாது. இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் பிழை அதுதான். தீயில் தொடங்கினால் அந்தப் பெண்கள் வெறும் பலியானவர்களாகத்தான் பிள்ளைகளுக்கு அறிமுகமாவார்கள். தீக்குப் பதினாறு மாதம் முன்பு, 1909 நவம்பர் 22 அன்று, கூப்பர் யூனியன் மண்டபத்தில் நடந்த கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத் தீர்மானத்தை முன்வைத்தார். ஏறக்குறைய 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்களும் இத்தாலியர்களும். பல சிறு ஆலைகள் யூனியனோடு ஒப்பந்தம் போட்டன. 1910 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தபோது ட்ரையாங்கிளின் உரிமையாளர்களான மேக்ஸ் பிளாங்கும் ஐசக் ஹாரிஸும் யூனியனை ஏற்காமலே நின்றுவிட்டார்கள். யூனியன் இல்லாத ஆலையில் பூட்டிய கதவைப் பற்றி யார் யாரிடம் முறையிடுவது? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, பதில் தேடாமல் அப்படியே விட்டுவிட்டு முதல் வகுப்பை முடிக்கலாம். பின்னணிக்காக ஒரே ஒரு எண் போதும்: 1907 என்ற ஒரே ஆண்டில் 12,85,349 பேர் அமெரிக்காவில் குடியேறினார்கள். குடியேற்ற வரலாற்றை இங்கே விரிக்கப் போனால் மணி அடித்துவிடும்.

இரண்டாம் வகுப்புதான் இந்தப் பாடத்தின் உயிர். அதற்கு முன் தயாரிப்பு கொஞ்சம் உண்டு. குழுவுக்கு ஒன்றாக 11க்கு 17 அங்குலத் தாள்கள், அடிக்கோல்கள், இரண்டு நிறப் பென்சில்கள். ஓர் அடிக்குப் பத்தில் ஒரு அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டால், ட்ரையாங்கிள் ஆலை இருந்த, ஏறக்குறைய 100 அடிக்கு 100 அடி கொண்ட ஆஷ் கட்டடத்தின் 9ஆம் தளம் 10 அங்குலச் சதுரமாகத் தாளில் அடங்கும். (அமெரிக்கர்கள் தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுவார்கள். நம் கணக்கில் எட்டாவது மாடி.) முதலில் தையல் மேஜைகளை வரையச் சொல்லுங்கள்: 75 அடி நீளத்தில் எட்டு வரிசை, அதாவது தாளில் ஏழரை அங்குலம். அவற்றில் மொத்தம் 240 இயந்திரங்கள். மேஜைகளின் ஒரு முனை வாஷிங்டன் பிளேஸ் பக்கச் சன்னல்களை ஒட்டி இருந்ததால், நடுவில் உட்கார்ந்தவர்கள் மறுமுனை வரை நடந்துதான் வெளியே வர முடியும். பிறகு வழிகளைக் குறிக்க வேண்டும். கிரீன் தெருப் பக்கம் ஒரு மாடிப்படி, அதற்குக் குறுக்கு மூலையில் வாஷிங்டன் பிளேஸ் பக்கம் ஒரு மாடிப்படியும் இரண்டு லிஃப்ட்டுகளும், பின்பக்கம் ஓர் இரும்புத் தீத்தப்பும் ஏணி. மாடிப்படிகளின் அகலம் 33 அங்குலம். தாளில் அது கால் அங்குலத்தைச் சற்றே தாண்டும், பென்சில் தடிமன்தான். சுமார் 250 பேர் வேலை செய்த தளத்துக்கு அந்த அளவில் இரண்டே படிகள் என்பதைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வரைபடம் முடிந்ததும் நேரக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள், உணர்ச்சி சேர்க்காமல். சனிக்கிழமை மாலை 4:40 அளவில் 8ஆம் தளத்தில் கட்டிங் மேஜைக்கு அடியிலிருந்த வெட்டுத்துணித் தொட்டியில் தீ தெரிகிறது. அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ காரணமாக இருக்கலாம் என்றுதான் விசாரித்த அதிகாரிகள் கருதினார்கள். வாரக்கணக்கில் சேர்ந்த மெல்லிய பருத்தித் துண்டுகள். படியில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. 8ஆம் தளத்திலிருந்து 10ஆம் தளத்துக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. உரிமையாளர்கள் இருந்த 10ஆம் தளத்தவர் ஒருவரைத் தவிர எல்லாரும், பெரும்பாலும் கூரை வழியாக, தப்புகிறார்கள். 9ஆம் தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. தீ வந்துதான் அவர்களுக்குத் தெரிகிறது. கிரீன் தெருப் படி சில நிமிடங்களில் நெருப்பால் அடைபடுகிறது. வாஷிங்டன் பிளேஸ் கதவு திறக்கவில்லை. இரும்பு ஏணி பாரம் தாங்காமல் சுவரிலிருந்து பெயர்ந்து விழுகிறது. ஜோசப் சீட்டோ, காஸ்பர் மோர்ட்டிலாரோ என்ற இரு லிஃப்ட் ஓட்டுநர்கள் முடிந்தவரை மேலும் கீழும் ஓட்டிப் பலரை இறக்குகிறார்கள். தீயணைப்பு வண்டிகள் விரைவாகவே வந்துவிடுகின்றன, ஆனால் ஏணி 6ஆம் தளம் வரைதான் எட்டும். ஏறத்தாழ பதினெட்டு நிமிடத்தில் தீ கட்டுக்குள் வருகிறது. இறந்தவர்கள் 146 பேர்: 123 பெண்கள், 23 ஆண்கள். மிக இளையவர்களுக்கு வயது 14. ஒவ்வொரு நிகழ்வுக்கும் குழுக்கள் தங்கள் வரைபடத்தில் அந்த வழியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டே வர வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். தீயை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். மேஜைகளை நகர்த்தி, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து ‘உணர வைக்கும்’ பயிற்சிகள் ஆசிரியர்களிடையே உலவுகின்றன. அவற்றில் பாதிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் நடுங்குவார்கள், வரலாறு யாருக்கும் கிடைக்காது. நடைபாதையில் உடல்கள் கிடக்கும் புகைப்படங்களைத் திரையில் பெரிதாகப் போடுவதும் தேவையற்றது. வரைபடம் அதைவிட ஆழமாகப் பதியும். இன்னொன்று, வெளியிலிருந்து வரும் ஆசிரியர் எளிதில் கவனிக்கத் தவறுவது. இன்றைய அமெரிக்க மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி வகுப்பறைக் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் ஒத்திகையைச் சிறு வயதிலிருந்தே செய்து பழகியவர்கள். அவர்களுக்குப் பூட்டிய கதவு என்றால் பாதுகாப்பு. இந்தப் பாடத்தில் பூட்டிய கதவு சாவு. யாராவது ஒருவர் இதை எழுப்பியே தீருவார். அந்தப் பேச்சை அடக்காதீர்கள். பூட்டு யாருக்காக, சாவி யாரிடம், உள்ளே இருப்பவர் தானே திறக்க முடியுமா என்று அவர்களையே பிரித்துப் பார்க்கச் சொன்னால், ஆலையில் கதவு பூட்டப்பட்டது திருட்டைத் தடுக்க, வெளியேறும்போது பைகளைச் சோதிக்க ஒரே வாசல் போதும் என்பதற்காக, என்ற செய்தி அதற்குரிய கனத்தோடு வந்து உட்காரும்.

வகுப்பு முடியும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் ஒரு அட்டையில் இதை எழுதட்டும்: இந்தச் சாவுகளைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு சட்டம், இரண்டே வாக்கியத்தில். அட்டைகளை வாங்கி மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த நாள் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

மூன்றாம் வகுப்பு ஆவணங்களுக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீல் மையம் ட்ரையாங்கிள் தொடர்பான ஆவணங்களை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது: பத்திரிகைச் செய்திகள், தப்பியவர்களின் நேர்காணல்கள், படங்கள், நீதிமன்றச் சாட்சியங்கள். வளம் அதிகமாக இருப்பதே இங்கே சிக்கல். ஆசிரியர் ஆர்வத்தில் பன்னிரண்டு ஆவணம் கொடுப்பார், பிள்ளைகள் இரண்டைப் படிப்பார்கள். நான்கு போதும், ஒவ்வொன்றும் 180 சொல்லுக்கு மேற்படாமல். மறுநாள் நாளேட்டுச் செய்தி ஒன்று. தெருவில் நின்று பார்த்ததைத் தொலைபேசியிலேயே சொல்லி அனுப்பிய யுனைடெட் பிரஸ் நிருபர் வில்லியம் ஷெப்பர்டின் செய்தியிலிருந்து ஒரு பகுதி. தப்பிய ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்துக் கொடுத்த நேர்காணல். 1911 ஏப்ரல் 2 அன்று மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் ரோஸ் ஷ்னைடர்மன் ஆற்றிய உரை. உரையில் அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த செல்வந்தர்களின் முகத்துக்கு நேரே, உங்கள் அனுதாபத்தை முன்பே சோதித்துப் பார்த்துவிட்டோம் என்ற பொருளில் பேசுகிறார். சோகக் கூட்டத்தில் கோபம் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதல் வகுப்பில் விட்டுவைத்த கேள்வியை அப்போது காட்டலாம்.

ஒவ்வொரு ஆவணத்தையும் படிக்கும் முன்பே யார், எப்போது, யாருக்காக என்று மூன்று வரி எழுத வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது சடங்காகிவிடுவதும் உண்டு. “இவர் தொழிலாளி, ஆகவே ஒருதலைப்பட்சமானவர்” என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது கேட்க வேண்டியது, எந்தச் செய்திக்கு இவரை நம்பலாம், எதற்கு நம்ப முடியாது என்பது. தெருவில் நின்ற நிருபர் விழுந்தவர்களைப் பார்த்தார், 9ஆம் தளக் கதவைப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிய பெண்ணுக்கு அது திறக்கவில்லை என்று தெரியும். பூட்டா, நெரிசலா, உள்நோக்கித் திறக்கும் கதவு கூட்டத்தால் அழுத்தப்பட்டதா என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அடுத்த நாள் வழக்கு முழுவதும் இந்த நுணுக்கத்தில்தான் நிற்கப் போகிறது.

நான்காம் வகுப்பில் அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் பெரும்பாலானவை ஒரே குரலில் இருக்கும்: கதவைப் பூட்டக்கூடாது, கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். பிறகு 1911இல் நடப்பில் இருந்த நியூயார்க் தொழிலாளர் சட்டத்தின் 80ஆம் பிரிவைத் திரையில் போடுங்கள். தொழிற்சாலைக் கதவுகள் இயன்ற இடத்தில் வெளிநோக்கித் திறக்கும்படி அமைய வேண்டும், வேலை நேரத்தில் பூட்டவோ தாழிடவோ கூடாது. தங்கள் கையெழுத்தில் இருக்கும் சட்டம் அப்போதே இருந்தது என்று புரியும்போது வகுப்பில் வரும் சலசலப்புக்காகத்தான் அட்டைகளை இரண்டு நாள் ஒளித்துவைத்தது. ‘இயன்ற இடத்தில்’ என்ற ஓட்டையையும் தவறவிடாதீர்கள். படிக்கட்டின் முகப்பு குறுகலாக இருந்ததால் அங்கே வெளிநோக்கித் திறப்பது இயலாது என்று சொல்லிக் கதவுகள் உள்நோக்கியே வைக்கப்பட்டிருந்தன.

மிச்ச நேரம் வழக்குக்கு. 1911 டிசம்பரில் பிளாங்கும் ஹாரிஸும் மார்கரெட் ஷ்வார்ட்ஸ் என்ற ஒரு தொழிலாளியின் சாவுக்காக விசாரிக்கப்பட்டார்கள். மாதிரி வழக்குமன்றம் நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: வகுப்பு ஒருமனதாகக் குற்றவாளி என்று சொல்லிவிடும், எல்லாருக்கும் திருப்தி, ஆனால் உண்மையில் நடந்ததற்கு நேர் எதிர். தீர்ப்பு சொல்லும் குழுக்களின் கையில் நீதிபதி தாமஸ் கிரெய்ன் கொடுத்த அறிவுறுத்தலைக் கொடுத்தே ஆக வேண்டும். கதவு பூட்டியிருந்தது என்பது மட்டும் போதாது, அது பூட்டியிருந்ததை இவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதும், அதனால்தான் இந்தப் பெண் இறந்தாள் என்பதும் ஐயமறத் தெளிவாக வேண்டும். அரசுத் தரப்பு இடிபாடுகளில் கிடைத்த பூட்டையே கொண்டுவந்து காட்டியது. பிரதிவாதி வழக்கறிஞர் மேக்ஸ் ஸ்டூயர், கேட் ஆல்டர்மன் என்ற சாட்சியைத் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே சொற்கள் வந்தன. மனப்பாடம் செய்துகொடுத்த சாட்சி என்ற ஐயத்தை ஜூரி மனத்தில் விதைக்க அது போதுமானதாக இருந்தது. கோரத்தைக் கண்டவர், அதுவும் பிறந்த மொழி அல்லாத மொழியில் சாட்சி சொல்பவர், ஒரே சொற்களைப் பற்றிக்கொள்வது இயல்பு என்று எதிர்வாதம் வைக்க ஒரு குழுவை நியமியுங்கள். உண்மையான ஜூரியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். டிசம்பர் 27 அன்று, இரண்டு மணி நேரத்துக்குள், குற்றமற்றவர்கள் என்றார்கள். 1914இல் நட்ட ஈட்டு வழக்குகளில் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று முடிவானது. அதற்கு முந்தைய ஆண்டு பிளாங்க் மறுபடியும் வேலை நேரத்தில் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். இந்த மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து, விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லிவிட்டு வகுப்பை விடலாம்.

கடைசி வகுப்பில் ஆசிரியருக்குச் சோர்வு வரும். ஆணையம், மசோதா, துறைச் சீரமைப்பு என்று காய்ந்த செய்தி. ஆனால் பிள்ளைகள் இப்போது சரியான கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்: சட்டம் இருந்தும் பயனில்லை என்றால் எதைத்தான் மாற்றினார்கள்? 1911 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் என்ற நியூயார்க் கட்சி இயந்திரத்தின் ஆட்கள், சீர்திருத்தவாதிகள் வெறுத்த கூடாரம். தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஆணையத்துக்காக ஆலை ஆலையாக இவர்களை அழைத்துப் போய்க் காட்டினார். வந்த சட்டங்களில் நீர்த்தெளிப்பான், தீ ஒத்திகை போன்றவை எளிதில் கண்ணில் படும். என் பார்வையில் வகுப்பில் நிறுத்திப் பேச வேண்டியது வேறொன்று: தொழிற்சாலைகள் அரசிடம் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி. அதுவரை எந்தக் கட்டடத்தின் எந்தத் தளத்தில் ஆலை நடக்கிறது என்ற பட்டியலே ஆய்வாளர்களிடம் இல்லை. கூடவே தொழிலாளர் துறை விரிவாக்கப்பட்டது, பாதுகாப்பு விதிகளை வகுக்கும் தொழில் வாரியம் 1913இல் வந்தது. தீக்குப் பின் மாநிலத் துறையும் நகரத் துறைகளும் ஒன்றை ஒன்று கைகாட்டியதை முந்தைய நாளேட்டுத் துண்டில் படித்த பிள்ளைகளுக்கு இதன் அருமை புரியும். பெர்கின்ஸ் 1933இல் தொழிலாளர் துறை அமைச்சரானார், அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண். 1935இல் யூனியன் அமைக்கும் உரிமைக்கான கூட்டாட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அதே வாக்னர், அப்போது செனட்டர். பூட்டிய கதவைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்ற முதல் நாள் கேள்விக்கு அங்கேதான் ஒரு பதில் தொடங்குகிறது.

இந்தப் பாடத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. நியூயார்க்கை மட்டும் பார்த்தால் அந்தக் காலம் மெல்ல மெல்ல நல்லதாகிக்கொண்டு போனது போலத் தோன்றும். அதே ஆண்டுகளில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தது. 1913 முதல் அதிபர் வில்சனின் அரசு வாஷிங்டன் அலுவலகங்களிலேயே நிறப் பிரிவினையைப் பரப்பியது. ஆணையத்தின் சட்டங்கள் தொழிற்சாலைக்கானவை. வயலிலும் வீட்டு வேலையிலும் இருந்தவர்களைத் தொடவில்லை, கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள். இதை ஒரு பின்குறிப்பாகச் சொல்லி நகராமல், அடுத்த இரண்டு வகுப்புகளைப் பெருங்குடிபெயர்வுக்கு, அதாவது கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கு நகரங்களுக்குப் பெருந்திரளாகப் போனதற்கு, கொடுங்கள்.

எழுத்துத் தேர்வுக்கு நான் பரிந்துரைக்கும் ஆவணம் தூரத்திலிருந்து வருகிறது. 1991 செப்டம்பர் 3 அன்று வட கரோலைனாவின் ஹாம்லெட் ஊரில் கோழி இறைச்சி ஆலை ஒன்று தீப்பற்றி 25 பேர் இறந்தார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. பதினோரு ஆண்டு நடந்த அந்த ஆலையில் ஒரு முறைகூடப் பாதுகாப்பு ஆய்வு நடக்கவில்லை. இதைப் பற்றி ஒரு பக்கச் செய்தியைக் கொடுத்து, 1911 ஆணையத்தின் எந்தப் பாடம் அங்கே தவறியது என்று ஒன்றரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘மனிதனின் பேராசை’ என்று முடிக்கும் விடைகளுக்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் தர வேண்டாம். ஆய்வாளர், பதிவு, அபராதம், யூனியன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்து, இரண்டு ஆவணமாவது மேற்கோள் காட்டி, காரணச் சங்கிலியைக் கட்டிய விடைக்கு முழு மதிப்பெண். ஏபி (கல்லூரித் தரத்தில் பள்ளியிலேயே எழுதும்) தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு இதுவே பயிற்சியாகவும் அமையும். அங்கே ஆவணக் கட்டுரைக்கு ஏழு ஆவணம், வாசிப்பு நேரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம். சூழலை விளக்குவதற்கென்று தனியே ஒரு மதிப்பெண் உண்டு, 1909 வேலைநிறுத்தத்தைப் படித்தவர்கள் அதை இழக்க மாட்டார்கள்.

ஐந்து நாள் கிடைக்காத பள்ளிகள் நிறைய. இரண்டே வகுப்பு என்றால் வழக்கையும் பத்திரிகை ஆவணங்களையும் விட்டுவிடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் வேலைநிறுத்தம், மிச்சம் வரைபடமும் அட்டையும். இரண்டாம் நாள் 80ஆம் பிரிவு, அதைத் தொடர்ந்து ஆணையம். அட்டை எழுதும் ஐந்து நிமிடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். வரைபடம் வரைவதில் நேரம் போய்விடும் என்று தோன்றினால் மேஜை வரிசைகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்து, படிகளையும் கதவுகளையும் மட்டும் பிள்ளைகள் கையில் விடலாம்.